சென்னம்மாள் மட்டம் பார்த்த படகு

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற சாலையில் எந்த வீட்டுக் குளியலறையிலாவது ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பாருங்கள். அது எங்கும் தேங்காமல் நேராக மூலைத் துளைக்கு ஓடி இறங்கினால், அந்தத் தரையைப் போட்டது சென்னம்மாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அவளுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. ஊர் புளியங்கொட்டாய். மேட்டூர் அணைத் தண்ணீர் தேங்கி நிற்கும் கரையில் இருக்கிறது. அணை நிரம்பும் வருடங்களில் தண்ணீர் ஊர் எல்லைப் புளியமரம் வரை வந்து நிற்கும். இறங்கும் வருடங்களில் அதே இடத்தில் சோளம் விதைப்பார்கள். இத்தனை தண்ணீருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் சென்னம்மாள் முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லை. பயம் என்று சொல்ல மாட்டாள். நேரமில்லை என்பாள்.

பதினான்கு வருடம் சித்தாளாக இருந்தாள். கலவை சுமந்தாள், செங்கல் எடுத்துக் கொடுத்தாள், காய்கிற சுவருக்குத் தண்ணீர் விட்டாள். பூச்சுக் கரணை பிடித்ததில்லை. ஆனால் அவளை வேலைக்குக் கூட்டிப்போகும் குரு மேஸ்திரி கரணை பிடிக்கும்போதெல்லாம் அவள் கண் அவர் கையைவிட்டு நகராது. ஒருநாள் ஏரியூரில் ஒரு டீச்சரம்மா வீட்டில் வேலை. குளியலறைத் தரைக்குக் கலவை போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் மைத்துனர் வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. அவர் அப்படியே கிளம்பிப் போய்விட்டார். கலவை ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். சென்னம்மாள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தரை காய்ந்த பிறகு டீச்சரம்மா ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் சிணுங்காமல் ஓடியது.

"யாரு போட்டது இது?"

"நான்தாங்க" என்றாள் சென்னம்மாள், எதையோ திருடிவிட்டவள் போல.

டீச்சரம்மா இன்னொரு வாளி எடுத்து ஊற்றினார். இந்த முறை சும்மா வேடிக்கை பார்ப்பதற்காக. மேஸ்திரி வந்து குந்தி உட்கார்ந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தார். "இனிமே பாத்ரூம் அல்லாம் நீயே பாத்துக்க. எனக்கு முட்டி வலிக்குது" என்று மட்டும் சொன்னார்.

தரை சரிந்து தண்ணீரைத் துளைக்குக் கொண்டுபோவதைக் கட்டட வேலையில் வாட்டம் என்பார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது அவள் பேரோடு ஒட்டிக்கொண்டது. பொம்பளை கட்டின சுவர் நிற்குமா என்று கேட்டவர்களே வீடு கட்டும்போது, "பாத்ரூமுக்கு மட்டும் அந்த வாட்டம் சென்னம்மாவைக் கூப்புடு" என்றார்கள். அவள் பையில் குமிழி ஓடுகிற ரசமட்டம் ஒன்று, ஒரு தூக்குக்குண்டு, பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒளி ஊடுருவும் டியூப் ஒன்று. டியூபுக்குள் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு சுவரில் தூக்கிப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அறை எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. மற்ற சாமான்களைக் கடன் கொடுப்பாள். டியூபைக் கொடுக்க மாட்டாள்.

அவள் புருஷன் ராஜப்பன் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன். சேலம், ஓசூர், பெங்களூர், அதற்கு அந்தப் பக்கம் சித்ரதுர்கா வரைக்கும் போவான். தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி பேசுவான். கல்யாணப் போட்டோவில் ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி நிற்பான். லாரியில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு போட்டது. அதோடு ராகிக் களியின் மேல் அவனுக்கு இருந்த பாசமும் சேர்ந்துகொண்டது. மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டுத்தான் கை கழுவுவான். நான்காவதை வைக்கும்போது "வேணாம் புள்ள" என்று சொல்லிக்கொண்டே குழம்புக்குக் குழி பண்ணுவான். சென்னம்மாளுக்கு அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். தான் கட்டின எந்த வீட்டைப் பார்த்தும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

முதுகு வலி அதிகமாகி ராஜப்பன் லாரியை விட்டுவிட்டு வீட்டில் இருந்த சமயம்தான், பாப்பாரப்பட்டி மாதவராஜ் புளியங்கொட்டாய்க் கரையில் படகு விளையாட்டு இடம் ஒன்றைத் தொடங்கினான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அனுமதி எல்லாம் வாங்கி, கோவாவிலிருந்து ஒரு பழைய வெள்ளைப் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். அது மீன்பிடிப் படகும் இல்லை, சுற்றிக் காட்டுகிற படகும் இல்லை. வேக்போர்டு விளையாட்டுக்கென்றே செய்தது. காலில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு, படகிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டே வர வேண்டும். படகு போகப் போக அதன் பின்னால் இரண்டு வரப்பு மாதிரி வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று அலை எழும்பும். பலகையில் நிற்பவர் ஓர் அலையில் ஏறி எம்பி, காற்றில் பறந்து, அடுத்த அலைக்கு அந்தாண்டை போய் இறங்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

அந்தப் படகை ஓட்டத்தான் ராஜப்பன் சேர்ந்தான். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, "பிரேக்கே இல்ல புள்ள! நிறுத்தறதுக்கு ஒன்னுமே இல்ல!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னான். ஒரே மாதத்தில் படகு அவன் சொன்னபடி கேட்டது. கயிறு அதிராமல் வேகம் எடுப்பான். இருபது டன் சரக்கோடு கணவாய் இறங்கியவனுக்கு ஒரு பெண்ணைக் கயிற்றில் இழுப்பது பெரிய காரியமில்லை.

அந்தப் பெண் காவியா, மாதவராஜின் தங்கை. தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. பெங்களூரில் படித்த காலத்தில் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டாள். சனி ஞாயிறு ஆனால் ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். வெளி மாநிலத்தில் நடக்கப்போகும் ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள். அதற்கு ஐந்து வாரம் இருந்தது.

பிரச்சினை அங்கேதான் வந்தது. வலது அலையிலிருந்து எம்பினால் காவியா அழகாகப் பறந்தாள். இடது அலையிலிருந்து எம்பினால் பாதியிலேயே விழுந்தாள். அலை ஏறும்வரை ஏறும். அவள் பலகை அதன் உச்சியைத் தொடும்போது நுரைத்துப் பொலபொலவென்று சரிந்துவிடும். மூன்று வாரம் இதே கதை. கடைசியாக விழுந்தபோது பலகை விளிம்பு பட்டு முழங்கை கிழிந்தது.

"அண்ணா, இடது பக்கம் போறப்ப நீங்க படகை லேசா திருப்பறீங்களோ?" என்று கேட்டாள் காவியா. குறை சொல்லும் குரல் இல்லை, சந்தேகமாகத்தான் கேட்டாள்.

"இல்லம்மா. நேரா அந்தக் கரட்டு மலையைப் பாத்துத்தான் ஓட்டறன்."

மாதவராஜும் மரியாதையாகத்தான் சொன்னான். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தர் இருக்காரு. அடுத்த வாரம் வந்து ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டும். படகா, ஓட்டறதான்னு தெரிஞ்சிடும் இல்லீங்களா?"

ராஜப்பன் "சரிங்க" என்றான்.

அன்று சாயங்காலம் ஒரு களி உருண்டையோடு கை கழுவினான்.

"ஏங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பசிக்கல."

"உங்களுக்கா?"

அவன் சிரிக்கவில்லை. "இருபத்திரெண்டு வருசத்துல ஒரு ஆட்டுக்குட்டி மேலகூட வண்டிய ஏத்துனதில்ல. நேரா ஓட்டத் தெரியலன்னு ஆயிப்போச்சு பாரு" என்றான். சென்னம்மாள் மீதிக் களியை மூடி வைத்தாள். மறுநாள் அதைக் கரைத்துத் தானே குடித்தாள்.

அப்போது அவளுக்கும் வேலை அங்கேதான். படகுக்கு வருகிறவர்கள் துணி மாற்றவும் குளிக்கவும் மாதவராஜ் கரையில் நான்கு அறை கட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அதுவரை அவள் படகைக் கவனித்ததில்லை. சனி ஞாயிறு அவளுக்குப் பூச்சு வேலை. முகம் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கும். அந்தச் சனிக்கிழமை வேலையைத் துவக்காமல் கரையில் இருந்த பாறைமேல் உட்கார்ந்து பார்த்தாள். படகு மூன்று தடவை போய் வந்தது. வலது அலை, மட்டப்பலகை வைத்து இழுத்த பூச்சு மாதிரி விளிம்பு கட்டி வந்தது. இடது அலை தண்ணீர் கூடிப்போன கலவை மாதிரி இளகிக் கொட்டியது.

படகு கரைக்கு வந்து நின்றது. காவியா சோர்ந்துபோய்க் கரைப் படியில் உட்கார்ந்தாள். ராஜப்பன் இன்னும் ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை. சென்னம்மாள் படகையே பார்த்தாள். பிறகு அதன் பின்பக்கமாக வந்து நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"தம்பி, படகு வாட்டமா நிக்குது."

மாதவராஜுக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"சாஞ்சு நிக்குது தம்பி. வலது பக்கம் எறங்கி இருக்குது. தரை இப்படி இருந்தா தண்ணி அல்லாம் அந்தாண்டதான் ஓடும். அப்புறம் அலை மட்டும் ரெண்டு பக்கமும் ஒன்னா எப்படி வரும்?"

மாதவராஜ் சிரிக்கவில்லை. படகுக்குள் போய், ஸ்டியரிங்குக்கு மேல் இருந்த ஒரு வெற்றுப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினான். "இதுல ஒரு மானி இருந்துச்சுக்கா. வளைஞ்ச கண்ணாடிக் குழாய், உள்ள எண்ணெய், ஒரு குண்டு. படகு எந்தப் பக்கம் சாஞ்சாலும் குண்டு அந்தப் பக்கம் உருளும். லாரியில வர்றப்ப ஒடைஞ்சிருச்சு. வெளிநாட்டுலருந்து வரணும். ரெண்டு மாசம் ஆகும்னாங்க. அது அவ்ளோ முக்கியம்னு நானும் நெனைக்கல."

"ரெண்டு மாசமா?" என்றாள் சென்னம்மாள். காவியாவின் போட்டிக்கு இரண்டே வாரம்தான் மிச்சம்.

முதலில் ரசமட்டத்தைக் கொண்டுவந்து படகின் தரையில் வைத்தாள். குமிழி ஒரு பக்க ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. சாய்வு இருக்கிறது என்று தெரிந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை. இன்ஜினைப் போட்டால் குமிழி நடுங்கித் துள்ளியது. "இது வூட்டுக்குத்தான் ஆவும்" என்று அதைப் பையில் வைத்துவிட்டு டியூபை எடுத்தாள்.

டியூபில் தண்ணீர் நிரப்பி, வெயிலில் கண்ணுக்குத் தெரிவதற்காகச் சொட்டு நீலம் இரண்டு துளி விட்டாள். படகின் தரையில் குறுக்காக டியூபைப் போட்டு, ஒரு முனையை வலது பக்கச் சுவரோடும் இன்னொரு முனையை இடது பக்கச் சுவரோடும் நிமிர்த்திக் கட்டச் சொன்னாள். படகின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு கீழே இறக்கிப் பென்சிலால் கோடு போட்டான் மாதவராஜ். படகு நேராக நின்றால் நீலத் தண்ணீர் இரண்டு கோட்டிலும் நிற்க வேண்டும்.

அவளும் படகில் ஏற வேண்டியிருந்தது. கட்டிப்போட்டிருந்த படகுதான் என்றாலும் கால் வைத்ததும் அது அசைந்தது. சென்னம்மாள் நடுவில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் ஆடி ஆடி அடங்கியது. வலது பக்கம் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை. இடது பக்கம் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை. மொத்தம் நான்கு விரற்கடை வித்தியாசம்.

வலது பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டியரிங் முன்னால் ராஜப்பன் உட்கார்ந்திருந்தான்.

காவியா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே அதிகமாகப் போய்விட்டது. ராஜப்பன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். கடைசியாக மனைவியைப் பார்த்தான். பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்க் கேனையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து படகைவிட்டு இறங்கினான். படி ஏறி, கரைக்கு மேலே இருந்த வேப்பமரத்தடியில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

நான்கு பேர் முன்னால் புருஷனைத் தராசில் நிறுத்தியது மாதிரி ஆகிவிட்டதே! டியூபை அவிழ்த்துத் தூர வீசிவிடலாமா என்றுகூடச் சென்னம்மாளுக்குத் தோன்றியது. அவிழ்க்கத்தான் கையை நீட்டினாள். அப்போது கண்ணில் பட்டது. ராஜப்பன் இறங்கிவிட்டான்; ஆனால் தண்ணீர் கோட்டுக்கு வரவில்லை. வலது பக்கம் இன்னும் ஒரு விரற்கடை மேலே, இடது பக்கம் ஒரு விரற்கடை கீழே நின்றது.

"தம்பி, அவரு எறங்கிட்டாரு இல்ல?"

"எறங்கிட்டாருக்கா."

"அப்ப மீதி ரெண்டு விரக்கடைக்கு யாரு காரணம்?"

மாதவராஜ் குனிந்து பார்த்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு பின் இருக்கைகளைத் தூக்கினான். இருக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய ரப்பர் பைகள். பம்பு போட்டால் ஏரித் தண்ணீரே அவற்றில் நிரம்பும். கனம் கூடினால்தான் படகு அழுந்தும், அலையும் பெரிதாக எழும்பும். வலது பை பானை வயிறு மாதிரி உப்பியிருந்தது. இடது பை பாதிகூட நிரம்பாமல் துவண்டு கிடந்தது. அதற்குப் போகும் குழாய் இருக்கைக் காலுக்கு அடியில் சிக்கி மடங்கியிருந்தது.

"ஐயோ! போன மாசம் சீட்டுக்கு உறை மாத்துனப்ப நான்தான் இப்படி வெச்சேன்" என்றான் மாதவராஜ்.

சென்னம்மாள் படகில் ஏறப் பயந்ததை மறந்து எழுந்து நின்றாள். "ஏங்க!" என்று கரையைப் பார்த்துக் கத்தினாள். "ஏங்க, இங்க வாங்க! நீங்க இல்லாமயும் சாயுது! வந்து பாருங்க!"

ராஜப்பன் திரும்பவில்லை. அவளே படகிலிருந்து தாவி இறங்கி, படிகளில் ஓடி, மூச்சு வாங்க அவன் முன்னால் போய் நின்றாள். அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"பாதி நீங்க, பாதி அந்தப் பை. குழாய் மடங்கிப்போச்சு. பையில தண்ணியே ஏறல."

"பாதி நான்தான இல்ல?"

"ஆமா. பாதி நீங்கதான்" என்றாள் சென்னம்மாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "டிரைவர் உக்கார்ற எடத்துல யாரு உக்காந்தாலும் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். பெங்களூர்க்காரரு உக்காந்தாலும் சாயும். கொஞ்சம் கம்மியா சாயும், அவ்ளோதான். ஓட்டறதுல தப்பு இல்ல. அதுதான் விசயம். வாங்க."

மாதவராஜும் பின்னாலேயே ஏறி வந்திருந்தான். "அண்ணா, என் தப்பை உங்க தலையில வெச்சிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று கையைப் பிடித்தான். ராஜப்பன் அவனைப் பார்த்தான். "பம்பு போட்டமேன்னு நானும் பாக்காம வுட்டுட்டன் தம்பி. லாரியா இருந்தா நாலு டயரையும் தட்டிப் பாக்காம எடுத்திருக்க மாட்டன்" என்றான். அதற்குப் பிறகு படி இறங்கினான்.

குழாயைச் சரிசெய்து பம்பு போட்டார்கள். இடது பை நிரம்ப நிரம்ப நீலத் தண்ணீர் இரண்டு பக்கமும் கோட்டைத் தேடி வந்தது. ராஜப்பன் அவன் இடத்தில் உட்கார்ந்தான். மறுபடியும் இரண்டு விரற்கடை வித்தியாசம் வந்தது. அது அவன் பங்கு. அதற்கு ஈடு கட்ட, அவனுக்கு நேர் எதிரே இடது பக்கத்தில் கனம் வைக்க வேண்டும்.

"எத்தினி கிலோ இருப்பீங்க?" என்றாள் சென்னம்மாள்.

"எண்பது, எண்பத்தஞ்சு இருக்கும்."

கரையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைப் பாண்டுச் சட்டியில் அள்ளிச் சாக்கில் நிரப்பினாள். சாக்குக்கு ஒரு பாண்டு. கிழியாமல் இருக்கச் சாக்குக்குள் சாக்கு விட்டுத் தைத்தாள். மூன்று சாக்கு ஏற்றியும் தண்ணீர் கோட்டுக்கு வரவில்லை. நான்கு ஏற்றினாள், அப்போதும் வரவில்லை. ஐந்தாவது சாக்கை மாதவராஜ் வைத்த பிறகுதான் இரண்டு பக்கமும் கோட்டில் வந்து நின்றது. ஒரு பாண்டு மணல் இருபது கிலோவுக்குக் குறையாது.

"எண்பத்தஞ்சா?" என்றாள் சென்னம்மாள்.

ராஜப்பன் கண்ணாடி வழியாகத் தூரத்துக் கரட்டைக் கவனமாகப் பார்த்தான். காவியாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அவனும் தோள் குலுங்கச் சிரித்ததில் படகு ஆடி, தண்ணீர் கோட்டைவிட்டு எகிறியது. "ஆடாதீங்க! ஆடாதீங்க!" என்று கத்தினாள் சென்னம்மாள்.

நிற்கிற படகு சரியாகிவிட்டது. ஓடுகிற படகில் எப்படி இருக்கும்? ஓட்டிப் பார்த்தார்கள். படகு கொஞ்சம் குலுங்கினாலும் டியூபில் தண்ணீர் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடி எதையும் காட்ட மறுக்கிறது என்று திரும்பி வந்து சொன்னான் மாதவராஜ். சென்னம்மாள் யோசித்தாள். கம்பி கட்டும் கட்டுக்கம்பியில் ஒரு துண்டு எடுத்து, டியூபின் நடுவில் சுற்றி, குறடால் மெல்ல முறுக்கினாள். முழுசாக அடைபடாமல், தண்ணீர் கசிந்து போகிற அளவுக்கு மட்டும் இறுக்கினாள். இப்போது குலுக்கினாலும் தண்ணீர் துள்ளவில்லை; நிதானமாக ஏறி நிதானமாக இறங்கியது.

"அக்கா, நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க. எனக்கு உங்க கண்ணு கெடையாது" என்றான் மாதவராஜ்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. காற்று இல்லை, தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. சென்னம்மாளுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் காவியா மாட்டி, பட்டைகளை இழுத்துக் கட்டினாள். எந்தப் பக்கமும் கனம் கூடாமல் இருக்கப் படகின் நட்ட நடுவில், பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தாள் சென்னம்மாள். மாதவராஜ் கரையிலேயே நின்றுகொண்டான். இன்ஜின் உறுமியதும் அவள் கை தானாக இருக்கையின் விளிம்பைப் பற்றியது.

"பயமா இருக்குதா?" முன்னாலிருந்து ராஜப்பன் கேட்டான்.

"ஓட்டறது நீங்கதான? ஓட்டுங்க."

படகு எழும்பியது. கரை விலகிப் போயிற்று. புளியங்கொட்டாயின் வீடுகளை அவள் தண்ணீரிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெட்டி பெட்டியாக, மேட்டில் யாரோ அடுக்கி வைத்த மாதிரி இருந்தன. ஆனால் அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. வலது டியூப், இடது டியூப், வலது, இடது என்று கண் ஓடியது. இடது பக்கம் அரை விரற்கடை ஏறியது. முதல் சுற்று முடிந்ததும் ஒரு சாக்கை ஒரு அடி நடுவுக்கு இழுத்து வைத்தாள். இரண்டாவது சுற்றில் நீலம் இரண்டு கோட்டிலும் வந்து நின்றது, நகரவில்லை.

அப்போதுதான் நிமிர்ந்து அலைகளைப் பார்த்தாள். பின்னால் இரண்டு வரப்பு. இரண்டும் ஒரே உயரம், ஒரே விளிம்பு. கயிற்றின் முனையில், இடது பக்கம் வெகு தூரத்தில் காவியா சாய்ந்து நின்றிருந்தாள். அவள் பலகையைத் திருப்பி இடது அலையை நோக்கி வந்தாள். அலை சரியவில்லை. அது அவளைத் தூக்கிக் கொடுத்தது. பலகையின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு வலது அலைக்கு அந்தாண்டை பலகை தண்ணீரைத் தட்டுகிற சத்தம். காவியா நின்றுகொண்டிருந்தாள்.

ராஜப்பனால் திரும்பிப் பார்க்க முடியாது. படகு ஓட்டுகிறவன் முன்னால்தான் பார்க்க வேண்டும். "இன்னா ஆச்சு? புள்ள, இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

சென்னம்மாள் கையை நீட்டி அவன் தோளை இரண்டு தடவை தட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. படகு அதுவரை போன அதே நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அவன் நான்கு உருண்டை சாப்பிட்டான்.

பெங்களூர் டிரைவர் வரவில்லை. வர வேண்டாம் என்று மாதவராஜ் சொல்லிவிட்டான். காவியா போட்டிக்குப் போனாள். ஒன்பது பேரில் ஐந்தாவதாக வந்தாள். பரிசு கிடையாது. ஆனால் போட்டி முடிந்த அரை மணியில் சென்னம்மாளுக்குப் போன் செய்து, இடது பக்கத்திலிருந்து எம்பின இரண்டு தடவையும் விழவில்லை என்றாள். "அங்க அவங்க படகுல நெஜ மானி இருந்துச்சுக்கா. குண்டு ஒரு பக்கம் ஒதுங்கி இருந்ததை நான்தான் மொதல்ல பாத்துச் சொன்னேன். ஆளை இடம் மாத்தி உக்கார வெச்சாங்க."

புது மானி இரண்டு மாதம் என்றது மூன்று மாதம் கழித்து வந்தது. மாதவராஜ் அதைப் பள்ளத்தில் பொருத்தினான். வளைந்த கண்ணாடிக்குள் கறுப்புக் குண்டு நடுவில் வந்து நின்றபோது டியூபிலும் தண்ணீர் கோட்டில் நின்றது. இரண்டுக்கும் கருத்து வேற்றுமை இல்லை என்று தெரிந்ததும் சென்னம்மாள் கட்டுக்கம்பியை அவிழ்த்து, டியூபைச் சுருட்டிக்கொண்டு போனாள். பாப்பாரப்பட்டியில் இரண்டு பாத்ரூம் பாக்கி இருந்தது.

ஆனால் சனிக்கிழமைகளில் அவளை விடுவதில்லை. குடும்பம் குடும்பமாகப் படகேற வருகிறார்கள். அவள் கரையில் நின்று ஆட்களை ஒரு பார்வை பார்ப்பாள். "சார், நீங்க அந்தாண்ட உக்காருங்க. அக்கா, நீங்க நடுவுல வாங்க. தம்பி, பையை இந்தாண்ட கொடு." எல்லோரும் உட்கார்ந்த பிறகு மாதவராஜ் மானியைப் பார்ப்பான். குண்டு நடுவில் இருக்கும். யாரையும் எடை கேட்கமாட்டாள். யாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கவும் மாட்டாள். பெருத்த உடம்புக்காரர்கள் கூச்சப்பட்டு நின்றால், "வாங்க வாங்க, உங்கள மாதிரி ஆளு ஒருத்தரு அந்தப் பக்கத்துக்கு வேணும்னுதான் பாத்துட்டு இருந்தன்" என்பாள்.

போன மாசி மாதத்தில் ஒருநாள், கூட்டம் இல்லாத மத்தியானம், காவியா பலகையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு நீங்கக்கா."

"அய்ய, போம்மா! இந்த வயசுல!"

"ஆஸ்பத்திரியில அறுபது வயசுக்காரங்களை நான் நடக்க வெக்கிறேன். உங்களால முடியும்."

அரை மணி நேரம் மறுத்தாள். பிறகு காவியாவின் சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேலே மிதவைச் சட்டை கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். பலகையைக் காலில் மாட்டியதும் தண்ணீர் அவளைத் தானாகத் தூக்கிக்கொண்டது. கயிற்றின் பிடி கையில் இருந்தது. காவியா பக்கத்தில் நின்று, "எழுந்திரிக்கப் பாக்காதீங்க. படகு எழுப்பும். நீங்க பிடிச்சுட்டு மட்டும் இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராஜப்பன் வேகம் எடுக்கவே மாட்டேன் என்றான். படகு ஆமை மாதிரி நகர்ந்தது. சென்னம்மாள் ஊறப்போட்ட துணி மாதிரி பின்னால் இழுபட்டாள். "அண்ணா, கொடுங்க! வேகம் கொடுங்க!" என்று கத்தினாள் காவியா. "கொடுக்கறன், கொடுக்கறன்" என்றான்; கொடுக்கவில்லை. கடைசியில் சென்னம்மாளே வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பிவிட்டு, "யோவ்! ஓட்டறியா, நான் எறங்கி வந்து ஓட்டட்டுமா?" என்று கத்தினாள். இருபத்தேழு வருடத்தில் அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. ராஜப்பன் திடுக்கிட்டு லீவரைத் தள்ளிவிட்டான்.

தண்ணீர் அவளைக் கீழிருந்து தூக்கி நிறுத்தியது. முழங்கால் நடுங்க, முதுகு வளைய, கண்ணை அகல விரித்துக்கொண்டு சென்னம்மாள் நின்றாள். ஒரு தென்னைமர நீளம் போயிருப்பாள். பிறகு குப்புற விழுந்து, மிதவைச் சட்டை தூக்க மேலே வந்து, இருமி, தும்மி, முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள்.

ராஜப்பன் படகை ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு வந்தான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "அடி பட்டுச்சா? புள்ள, அடி பட்டுச்சா?"

அவள் கையை நீட்டினாள். தன்னைத் தூக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் குனிந்தான்.

"கயித்தக் கொடுங்க" என்றாள் சென்னம்மாள்.